கோல் போடாத கஜேந்திரன்

கஜேந்திரனுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தடவை வரவேற்பு நடந்திருக்கிறது. மூன்று தடவையும் ஏதாவதொரு கிளப்காரர்கள் கழற்றி விட்ட பிறகுதான் அவன் ஊருக்கு வந்திருந்தான். மேளம் அடித்தவர்களுக்கு அது தெரியாது. மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டவனுக்குத் தெரியும். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற எனக்கும் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு சோறு ஆக்க முடியாது.

பதினான்கு வருசமாக அவனுக்கு உதைபந்தாட்டம்தான் தொழில். ஹட்டனில் பள்ளிக்கூடத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவனைக் கொழும்புக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மாத்தறைப் பக்கம், அதன் பிறகு அனுராதபுரம், இடையில் மாலைதீவில் எங்கே நின்றாலும் இரண்டு பக்கமும் கடல் தெரிகிற ஒரு தீவு, திரும்பவும் கொழும்பு. எங்கேயும் இரண்டு சீசனைத் தாண்டவில்லை. யாரும் அவனை விரட்டியதும் இல்லை, இருந்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்ததும் இல்லை. ஏதாவது ஒரு கிளப்பில் பெக் ஆடுகிறவனுக்குக் கால் உடைந்தால் இவனுக்கு போன் வரும். அந்தக் கால் குணமானதும் இவன் பையைக் கட்டுவான். இன்னொருத்தன் கால் உடைவதை நம்பிப் பிழைக்கிற தொழில் இவனுடையதும் வைத்தியருடையதும்தான்.

பெக் என்றால் பின்னால் நிற்கிறவன். முன்னால் ஓடி கோல் போடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். எதிராளி கோல் போடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறவனை யார் பார்ப்பது? ஒரு தடவை இவன் ஆடுகிற மேச் போனில் நேரடியாக வருகிறது என்று லயமே வாசல் இஸ்தோப்பில் கூடியது. முழு ஆட்டத்திலும் கஜேந்திரனின் முதுகுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு தடவை முகம் வந்தது. அதுவும் கொடி பிடிக்கிறவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த முகம். அவனுடைய அப்பா சோலைமலை மட்டும் அசரவில்லை.

“அந்த முதுகு இல்லாட்டி எதுத்த டீம்காரன் பத்து கோல் போட்டிருப்பான், தெரியுமா?” என்றார்.

“முதுகுக்கு எம்புட்டு மாமா சம்பளம்?” என்று கேட்டேன். மனுசன் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

போன வருசம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கோயில் முகப்பில் ஒரு பேனர் கட்டினார்கள். ‘மலையகத்தின் கோல் மன்னன்’ என்று எழுதி, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் காலில் இவன் தலையை ஒட்டியிருந்தார்கள். இந்தக் கோல் மன்னன் தன் வாழ்நாளில் போட்டது ஒரே ஒரு கோல். மாத்தறையில், தலையால் முட்டி, தன்னுடைய பக்கத்துக் கம்பத்துக்குள்ளேயே போட்டான். அதைப் பெண்சாதியிடம் அவன் சொன்ன நாளில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை வரவேற்பு இல்லை. முப்பத்துமூன்று வயதாகிவிட்டது. குளிர் நாளில் முழங்காலில் எண்ணெய் தேய்க்காமல் எழும்ப முடியவில்லை. அவன் வந்து மூன்று மாதமாகியும் யாருடைய காலும் உடைந்ததாகத் தெரியவில்லை.

அவன் பெண்சாதி ஜீவராணி இறம்பொடை ஊர்ப் பிள்ளை. வாய் அதிகம் இல்லை, கண் அதிகம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே காம்பராவில் மாமனார், மாமியார், கொழுந்தன் என்று எல்லோரோடும் இருந்தவள். புருசன் ஊர் ஊராகப் போனபோது அந்த நெருக்கடி பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அவனும் திரும்பி வந்து, மகளுக்கும் ஏழு வயதாகி, இஸ்தோப்பில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு மூன்று பேரும் படுத்தார்கள். மழை பெய்தால் அந்தச் சேலை நனையும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: லயத்தை விட்டுத் தனியாக ஒரு வீடு. புருசனிடம் அவள் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொன்னதைத்தான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை அறிவித்தார். தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு உதைபந்தாட்ட அணி கட்டப் போகிறார்கள். அதற்கு ஒரு கோச் வேண்டும். ஸ்டாப் கணக்கில் வேலை, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மேலே காலியாகக் கிடக்கிற ஸ்டாப் குவாட்டர்ஸ் வீடு. கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் கஜேந்திரன். மற்றவன் கணக்கப்பிள்ளையின் மகன் பிரதாப். பிரதாப் ஹட்டனைத் தாண்டிப் போய் ஆடியதில்லை. ஆனால் தோட்டத்து மேச் எதிலும் கோல் போடாமல் வீட்டுக்குப் போனதில்லை. கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவான். அதைப் பார்ப்பதற்கென்றே கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயாக்கள் வரைக்கும் வந்து நிற்பார்கள். துரைக்கு யாரை எடுப்பதென்று தெரியவில்லை. அவர் சின்ன வயதில் றக்பி ஆடியவராம். மாரியம்மன் கோயில் திருவிழா மேச்சைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

எங்கள் திருவிழாவில் தேர் சுற்றி வந்த மறுநாள் மேச் நடக்கும். தேரை மைதானத்து ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கி, தப்பு மேளம் அடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் கொண்டு போவார்கள். பூசாரி திருநீறு பூசுவார், தலைவர் பொன்னாடை போடுவார், கூடப் போனவர்களுக்கு வடையும் சுண்டலும் கிடைக்கும். பிறகு மெதுவாக வந்து மிச்ச மேச்சை ஆடுவார்கள். போன வருசம் இந்த மரியாதை நீண்டு நீண்டு, பனிமூட்டம் இறங்கி, பந்து எங்கே என்றே தெரியாமல் மேச் நின்றுபோனது. ஆகவே இந்த வருசம் நடுவராக வந்த சூசைரட்ணம் மாஸ்டர் தொடங்கும் முன்பே கோயில் மைக்கை வாங்கிச் சொன்னார்.

“கோல் போட்டா பந்து நடுவுக்கு வர்ற வரைக்குந்தான் டைம். விசில் அடிச்சா அடிச்சதுதான். சாமி கும்பிடுறதெல்லாம் மேச் முடிஞ்ச பொறகு வச்சிக்குங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஹட்டனிலிருந்து வந்த மனுசன், நல்ல வார்த்தை சொல்கிறார் என்ற அளவுக்கு ஆட்டினார்கள்.

மேச்சுக்கு முதல் நாள் சாயந்தரம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பெரிய பஞ்சாயத்து. தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா கஜேந்திரனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“நாளைக்கி நீ முன்னால ஆடு. துரை பாக்க வாறாரு. நீ போயி பின்னுக்கு ஒளிஞ்சிக்கிட்டா அவரு கண்ணுக்கு எப்பிடித் தெரிவ?”

“நான் பெக் அண்ணே.”

“கொழும்பு, மாலைதீவெல்லாம் ஆடுனவன் நம்ம தோட்டத்துல பின்னால நின்னா நமக்கு என்னாடா மரியாத?”

“அங்கயும் பின்னாலதான் நின்னேன்.”

கூட்டம் சிரித்தது. பிரதாப் மட்டும் சிரிக்கவில்லை, முகத்தைப் பெரிய மனுசத்தனமாக வைத்துக்கொண்டான். “விடுங்க தலைவரே, அண்ணனுக்கு ஓட முடியாது. கால் வலிக்கும்” என்றான்.

வீட்டுக்குள் ஜீவராணி வேறு தொடங்கினாள். எனக்கு அன்றைக்கு அடுப்படியில் நிறைய வேலை இருந்தது.

“ஒரு கோல் போடுங்க. ஒன்னே ஒன்னு. அந்த வீட்டுக்காக.”

“நான் கோல் போடுற ஆள் இல்ல ஜீவா.”

“அப்ப என்னா ஆளு நீங்க?”

சுவரின் இந்தப் பக்கம் கறி கொதித்தது. அந்தப் பக்கம் அவன் முழங்கால் எண்ணெய்ப் போத்தலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் மேச். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்து அணி வந்திருந்தது. அவர்களில் அன்டன் என்று ஒரு பையன், கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிடிக்க முடியாத ஓட்டம். துரை பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஜேந்திரன் சொன்னபடியே பின்னால் போய் நின்றான்.

முதல் பாதியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அன்டன் பந்தை எடுத்துக்கொண்டு வருவான், கஜேந்திரன் எதிரே நிற்பான், பந்து வெளியே போகும். திரும்ப வருவான், நிற்பான், வெளியே போகும்.

எனக்குப் பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி கொட்டாவி விட்டாள். “அந்தப் பையன் வர்ற எடத்துக்கெல்லாம் இவன் முன்னாடியே போயி நின்னுக்கிறான். வேற வேலையே இல்ல போல” என்றாள்.

“அதுக்குத்தான்டி மாலைதீவுல சம்பளம்” என்றேன்.

இரண்டாம் பாதியில் ஒரு தள்ளுமுள்ளு. யாரோ உதைத்தார்கள், யாரோ விழுந்தார்கள், பந்து பிரதாப்பின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. முழங்காலென்றாலும் கோல் கோல்தான். தப்பு முழங்கியது. பிரதாப் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரைப் பார்த்து ஓடினார்கள். ஆடுகிற பையன்கள், ஆடாத பையன்கள், தண்ணீர் போத்தல் தூக்குகிறவன், எல்லோரும். கோல் கீப்பரும் போனான். வடை தீர்ந்துவிடும் என்ற பயம். அம்மனுக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்கக் கூடாதே, ஆகவே பத்துப் பேரும் பூட்ஸைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டுவிட்டு வெறுங்காலோடு போனார்கள்.

கஜேந்திரன் மட்டும் போகவில்லை. தன் பக்கத்தில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். பொறாமை என்றார்கள் சிலர். கோல் மன்னனுக்கு இன்னொருத்தன் கோல் பிடிக்கவில்லை என்றேன் நான்.

பந்து நடுவுக்கு வந்தது. சூசைரட்ணம் மாஸ்டர் தேரைப் பார்த்தார், மலையிலிருந்து இறங்குகிற மூட்டத்தைப் பார்த்தார், கையைத் தூக்கினார், விசில் அடித்தார்.

அன்டனுக்கே அது நம்ப முடியவில்லை. ஒரு கணம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு புறப்பட்டான். அவனோடு இன்னும் இரண்டு பேர். எதிரே எங்கள் அணி முழுவதும் என்று சொன்னால் கஜேந்திரன் ஒருத்தன்.

இப்போதாவது பாய்ந்து பறிப்பான் என்று பார்த்தால், பின்னால் ஓடுகிறான். அன்டன் முன்னால் வர வர இவன் முதுகுப்பக்கமாகவே போகிறான். மைதானமே கத்தியது.

“முன்னுக்குப் போயி பறிடா!”

“பயந்து ஓடுறான் பாரு. பதினாலு வருசம் பின்னால ஓடத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கான்.”

தேருக்கு முன்னால் அப்போதுதான் யாரோ திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு கூப்பாடு. பத்துப் பேரும் பூட்ஸ் குவியலில் விழுந்தார்கள். என்னுடையது எது, உன்னுடையது எது, இது இடது கால், அது வலது கால். பிரதாப் பொன்னாடை தடுக்கி ஒரு தடவை விழுந்து எழும்பினான்.

கஜேந்திரன் அவசரப்படவில்லை. கொஞ்சம் இடது பக்கம் விட்டு, கொஞ்சம் வலது பக்கம் மறைத்து, அன்டனைக் கூட வந்த இரண்டு பேரிடமிருந்தும் பிரித்து, தண்ணீர்க் கான் ஓடுகிற பள்ளத்துப் பக்கமாகவே கொண்டு போனான். வழி தெரியாதவனுக்கு வழி காட்டுகிற மாதிரி இருந்தது. அன்டன் கடைசியில் பொறுமை இழந்து பந்தை அவன் காலுக்கிடையில் தட்டிவிட்டுத் தாண்டினான். இனி முன்னால் காலிக் கம்பம்தான். கஜேந்திரன் கையை நீட்டினான். பையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள்.

விசில். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

அன்டன் கீழே கிடந்தபடியே சட்டையைப் பார்த்தான். “அண்ணே, கிழிச்சிட்டீங்களே.”

“வேற குடுப்பாங்க தம்பி. கால்ல ஒன்னும் இல்லியே?”

“இல்லண்ணே.”

“அப்ப சரி” என்று அவனைக் கைகொடுத்துத் தூக்கி விட்டுவிட்டு, மாஸ்டர் அட்டையைக் காட்டி முடிக்கும் முன்பே கஜேந்திரன் வெளியே நடந்தான். வாதாடவில்லை. பஸ் வந்து நின்றதும் ஏறிப் போகிறவன் மாதிரி போனான்.

அதற்குள் பத்துப் பேரும் வந்து கம்பத்துக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்றார்கள். நாலைந்து பேருக்குப் பூட்ஸ் இல்லை. கீப்பர் நெற்றியில் திருநீறு, வாயில் வடை. றொசல்லக்காரர்கள் உதைத்த பந்து யாருடைய முதுகிலோ பட்டுத் தேயிலைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் மூட்டம் இறங்கி, மாஸ்டர் கடைசி விசில் அடித்தார். ஒன்றுக்குப் பூச்சியம். வெற்றி. திரும்பவும் பிரதாப்பைத் தூக்கினார்கள்.

கஜேந்திரனைப் பேசாத வாய் இல்லை. கோயில் மேச்சில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் என்றார்கள். அம்மனுக்கு முன்னாலேயே சட்டையைக் கிழித்தான் என்றார்கள். கிழித்தது பள்ளத்துப் பக்கம், அம்மன் நின்றது மறுபக்கம். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சோலைமலை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போய் நின்றார்.

பந்தலில் துரை தலைவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். சிங்களவர் என்றாலும் தோட்டத்துத் தமிழில் நன்றாகவே பேசுவார்.

“கோச் வேலைக்கு பிரதாப். பிள்ளைங்களுக்கு அவன புடிக்குது. சரிதானே?”

கூட்டம் கைதட்டியது. கணக்கப்பிள்ளை குடையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். நான் ஜீவராணியைத்தான் பார்த்தேன். அவள் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

துரை இன்னும் முடிக்கவில்லை. “அந்த ரெட் கார்ட் ஆள் எங்க?”

கஜேந்திரனைத் தள்ளிவிட்டார்கள். முழங்காலில் மண்ணோடு வந்து நின்றான்.

“எல்லாரும் வேலைய விட்டுட்டு தப்பு சத்தத்துக்கு ஓடினாங்க. நீ மட்டும் எடத்த விட்டு போகல. கள்ளன் வந்தான், புடிச்சிட்ட.” துரைக்கே அது வேடிக்கையாக இருந்தது போல, சிரித்தார். “ஸ்டோர் பின் கேட்ல எனக்கு அப்பிடி ஒரு ஆள் வேணும். தேயிலைத் தூள் மூட்ட தானா நடந்து போகுது அங்க. வாட்சர் வேலை. செய்வியா?”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது? மாலைதீவு வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்து வாட்சர். கஜேந்திரனின் காது சிவந்தது. “சேர், நான் பதினாலு வருசம் புட்போல்...” என்று தொடங்கினான்.

அப்போது ஜீவராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எங்கள் லயத்துப் பெண்கள் துரையிடம் நேரே பேசுவதில்லை; தலைவர் மூலமாகத்தான் போகும். இவள் தலைவரைத் தாண்டி, சிங்களத்திலேயே கேட்டாள்.

“கெயக் தியெனவாத, சேர்?”

வீடு உண்டா என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

“தியெனவா” என்றார் துரை. பின் கேட்டோடு ஒட்டி, இரண்டு அறை, ஒரு குசினி.

“அப்ப சரிங்க சேர். நாளைக்கே வந்துர்றோம்.”

“ஜீவா” என்றான் கஜேந்திரன்.

“நீங்க சும்மா இருங்க.”

சொன்னபடியே மறுநாள் போனார்கள். அவசரத்தைப் பார்த்தால் துரைக்கு மனம் மாறிவிடும் என்று பயந்த மாதிரி இருந்தது. பெட்டி, பாய், அடுப்பு, புருசன். எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிட்டாள். சோலைமலை மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்து, “எம் மகனுக்கு செக்யூரிட்டி ஆபீசர் வேலை குடுத்திருக்காங்க” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமை கழித்து நான் போய்ப் பார்த்தேன். சுண்டல் கொண்டு போனேன். சும்மா பார்க்கப் போனேன் என்று சொல்லக் கூடாதே. கஜேந்திரன் காக்கிக் கோட்டோடு வாசலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜீவராணி தேத்தண்ணி ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து அவனுக்கு போன் வந்தது.

எழுந்து நின்று பேசினான். “ஆமாங்க சேர்... எந்தக் கால்?... ஐயோ பாவம்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது. கல்யாண வயதுப் பையன் முகம் மாதிரி ஆனது. “சீசன் முடியிற வரைக்குமா?... முழு மேச்சுமா?”

ஜீவராணி கேத்தலைக் கீழே வைத்துவிட்டாள். அவனைப் பார்க்கவில்லை. மகள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கஜேந்திரன் அந்தச் சாத்திய கதவைப் பார்த்தபடியே நின்றான். போனில் அந்தப் பக்கத்து ஆள் ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது.

“இல்லீங்க சேர்” என்றான் கடைசியில். “நான் இப்ப வீட்ட விட்டு வர ஏலாது.”

போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டோர் கேட் பக்கம் இறங்கிப் போய்விட்டான். தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

“ஏம் புள்ள, வந்த வாய்ப்ப இப்பிடியா விடுறது? நீயாவது சொல்லக் கூடாதா?” என்றேன்.

“சீனி போதுமாக்கா?” என்றாள் ஜீவராணி.

லயத்துக்கு வந்ததும் நான் முதலில் சொன்னது அந்த போன் கதையைத்தான். கிளப்காரன் கூப்பிட்டானாம், துரைமார் மாதிரி இவன் வேண்டாமென்றானாம், காக்கிக் கோட்டைப் போட்டதும் என்ன கெட்டித்தனம் பாருங்கள் என்று நல்ல விதமாகத்தான் சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நாகலெட்சுமி கிட்ட வந்து உட்கார்ந்தாள்.

“அத விடுங்கக்கா. வீடு எப்பிடி இருக்கு? உள் ரூமுக்குக் கதவு இருக்காமே?”

“இருக்கு.”

“பூட்டா, சும்மா கொண்டியா?”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் ஒரே ஈரம், பிள்ளைக்குச் சளி பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.